ஐந்நூற்றுப் பன்னிரண்டு யூனிட்

செய்தி வந்தபோது நான்
தசரதபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே குனிந்திருந்தேன்.
மீட்டர் பெட்டிக்குள் இரண்டு பல்லி முட்டை.
சட்டைப்பையில் கைப்பேசி துடித்தது. எபினேசர்:
"முடிச்சுட்டானுங்க மாப்ள. நாலாவது சீசன் கெடையாது."

அப்படியானால் கேப்டன் ரெவ்னா
இனி அங்கேயேதான்.
இரண்டு கதவுகளுக்கு நடுவில், ஆள் உயர அறையில்,
பதினோரு நிமிடக் காற்றோடு.
இந்தப் பக்கம் கப்பல், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
எந்தக் கதவு திறக்கும் என்று சொல்லவேண்டிய
கப்பலின் குரல், மாறா,
மூச்சுக்கூட விடாமல் இருக்க
திரை இருண்டதோடு சரி.
பதினான்கு மாதமாகக் காத்திருக்கிறோம்,
நானும் எபினேசரும் ரிச்சி தெருவில்
அவன் கடைக்குப் பக்கத்துக் கடை நவ்ஷீனும்.

அதே செய்தியின் கீழேயே
ரெவ்னாவாக நடித்தவளுக்குக் கல்யாணமாம்,
அவள் போட்ட விண்வெளிக் கையுறை ஏலத்துக்கு வருகிறதாம்.
ஒரு கையுறை மட்டும்.
இன்னொன்றை யார் வைத்திருக்கிறார்கள்
என்று ஒருத்தனும் எழுதவில்லை.

குறை இல்லாமல் இல்லை.
மூன்றாவது சீசனில் இரட்டைப் பிறவி வந்தது
சுத்த ஏமாற்று.
அப்புறம், ஒரு கிரகத்துக்கு ஒரே வானிலையாம்.
அங்கே முழுக்கப் பனி, இங்கே முழுக்க மணல்.
அம்பத்தூரில் கொட்டும்போது
அடையாறில் துணி காய்கிற ஊர்க்காரனிடம்
இதைச் சொன்னால் எப்படி?
நவ்ஷீன் ஒருமுறை கேட்டாள்:
"அத்தனை பெரிய கப்பல்ல
ஒருத்தன்கூட துணி துவைக்கலையே, பாத்தியா?"
அன்றிலிருந்து எனக்கு
அந்தக் கப்பலில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஆனால் மாறா.
தமிழில் மட்டும்தான் மாறா அப்படி.
மூல மொழியில் கேட்டுப் பார்த்தேன், வெறும் இயந்திரம்.
இங்கே அந்தக் குரலில்
இரவு ஷிப்ட் முடிந்த நர்ஸின் அலுப்பு இருந்தது.
"நட்சத்திரம் இன்னும் நாற்பது நிமிடத்தில் அணையும்."
"விதிகளில் இடமில்லை, கேப்டன்."
ரெவ்னா கெஞ்சுவாள், மிரட்டுவாள், ஒருமுறை அழுதாள்.
விதிகளில் இடமில்லை, கேப்டன்.
ஆபீசில் லீவு கேட்டுப் போகும்போதெல்லாம்
உதவிப் பொறியாளர் வாயைத் திறக்கும் முன்
எனக்கு அதுதான் கேட்கும்.

பதினேழாம் எண் வீடு.
அழைப்பு மணி வேலை செய்யவில்லை.
தட்டினேன். "ஈ.பி. ரீடிங்!"

உள்ளேயிருந்து வந்தது:

"கதவு திறந்துதான் இருக்கு. உள்ள வாங்க."

எனக்குக் கால் நகரவில்லை.
பதினான்கு மாதம் கழித்து, சாலிகிராமத்தில்,
வெங்காயம் வதங்கும் வாசனைக்கு நடுவே
மாறா பதில் சொல்லிவிட்டது.

நைட்டிமேல் துண்டு போட்டிருந்தார்.
ஐம்பது வயதிருக்கும். பெயர் தில்லைக்கரசி என்று அட்டையில்.
உளறினேன். தூரக்கலம், காற்றறை, பதினோரு நிமிடம்,
கடைசியில் என்னதாங்க ஆகும்?
"எந்தக் கப்பல் தம்பி?" என்றார்.
"தாள்ல என் வரி மட்டும் இருக்கும். பேசிட்டு வந்துடுவேன்.
படத்த யாரு முழுசா பாத்தா?"

நின்றபடியே கதை சொன்னேன்,
மூன்று சீசனையும், இரட்டைப் பிறவியை விட்டுவிட்டு.
கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.
அடுப்பில் வெங்காயம் கருகியது.
"பாவம் அந்தப் பொண்ணு," என்றார்,
"நான் அவ்ளோ ஈவு இரக்கம் இல்லாமயா பேசினேன்?"

பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
ஐந்நூறு தாண்டினால் கட்டணம் எகிறிவிடும்,
அவருக்கும் தெரியும்.
நட்சத்திரங்களை அணைத்த குரல்
கொஞ்சம் தணிந்து வந்தது:
"ஒரு பன்னெண்டு யூனிட்டு...
அடுத்த தடவைல சேத்துக்கக் கூடாதா தம்பி?"

சத்தியமாக யோசிக்கவில்லை.
வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"விதிகளில் இடமில்லை, கேப்டன்."

ஒரு நொடி முறைத்தார்.
"டேய்," என்றார், "அது என் வரி."